ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஆவார். இராணிப்பேட்டையில் பிறந்து, கொடைக்கானலில் மறைந்தார். 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் இவர் தொடங்கிய சிறு மருத்துவமனை பின்னர் இந்தியாவின் மிகப் பெரிய மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. பெண்களைப் பெண்களே மருத்துவம் பார்க்கும் நிலையை வட ஆற்காடு பகுதியில் உருவாக்கியதும், பிரசவத்தில் தாயும் சேயும் இறப்பதைத் தடுக்கச் செவிலியரையும் பெண் மருத்துவர்களையும் பயிற்றுவித்ததும் இவரது முதன்மையான பணிகளாகும்.

குடும்பம்

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் (1793-1855) ஐக்கிய அமெரிக்காவில் இருந்து வந்த முதல் மருத்துவ மறைப்பணியாளர்களுள் ஒருவர். 1819இல் அமெரிக்காவில் இருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் சென்ற இவர், பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி ஆற்றினார். 1836இல் சென்னைக்கு இடம் பெயர்ந்தார். (யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீனும் இதே அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்தான். ஸ்கடர் குடும்பத்தின் கதை தொடங்கும் இடம் வேலூர் அன்று, ஈழம் என்பதைப் பலரும் அறியார்.) ஜான் ஸ்கடரின் மகன்கள் பலரும் தென்னிந்தியாவில் மறைப்பணியாளர்களாகப் பணியாற்றினர். 1853இல் அவர்கள் அமைத்த ஆற்காடு மிஷன் வேலூர், இராணிப்பேட்டை, ஆரணி, திண்டிவனம் முதலிய ஊர்களில் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நடத்தியது. இராணிப்பேட்டையில் உள்ள ஸ்கடர் நினைவு மருத்துவமனை 1866இல் ஐடாவின் சிற்றப்பா பெரியப்பாக்களுள் ஒருவரான சைலசு ஸ்கடர் என்பவரால் தொடங்கப்பட்டது.

ஐடாவின் தந்தை பெயரும் ஜான் ஸ்கடர் என்பதே. அவரும் மருத்துவர். தாய் சோபியா வெல்ட். ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே பெண் ஐடா.

பஞ்சமும் சிறு வயதும்

1876-78 ஆண்டுகளின் பெரும் பஞ்சம் தாது வருடப் பஞ்சம் என்று தமிழகத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டனர். அப்பொழுது ஐடாவுக்கு ஆறேழு வயது. வீட்டு வாசலில் கூடிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கும் வேலை இவருக்குத் தரப்பட்டது. கையால் வாங்கி உண்ணவும் வலுவற்ற குழந்தைகளின் வாயில் தானே ரொட்டியைப் பிய்த்து வைத்ததையும், சாலையோரம் இறந்து கிடந்த சிறுவர்களைக் கண்டதையும் இவரது வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. இந்த நினைவு இவரை இந்தியாவின்பால் ஈர்க்கவில்லை; விரட்டவே செய்தது. 1878இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தையும் பின்னர் தாயும் மீண்டும் இந்தியா வந்துவிட, ஐடா உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். மாசச்சூசெட்சில் சமயப் பரப்புரையாளர் மூடி நிறுவிய நார்த்ஃபீல்டு மகளிர் பள்ளியில் பயின்றபோது, தாம் ஒருபோதும் மறைப்பணியாளராக ஆகப் போவதில்லை என்பதில் இவர் உறுதியாக இருந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890இல் தாயார் நோயுற்றதால் ஐடா அவரைக் கவனித்துக்கொள்வதற்காகத் திண்டிவனம் வந்தார். குறுகிய காலம் தங்கித் திரும்புவதே திட்டம். அங்கு தங்கியிருந்த காலத்தில் ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முசுலிம், மற்றொருவர் வேறொரு சாதி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடா வந்து உதவ வேண்டும் என்பதே மூவரின் வேண்டுகோளும். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லலாம் என்று ஐடா கூறினார். அயல் ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை ஏற்க இயலாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர்.

ஐடாவின் வாழ்க்கையைச் சொல்லும் எல்லா நூல்களும் இந்நிகழ்வைத்தான் திருப்புமுனையாகக் கொள்கின்றன. நிகழ்ந்த நாள் பற்றி நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. மேலை வாசகர்களுக்காக எழுதப்பட்ட சில நூல்கள் அந்த மூன்று கணவர்களையும் கல்நெஞ்சர்களாகக் காட்டுவது பொருத்தமாகத் தோன்றவில்லை. நள்ளிரவில் உதவி தேடி அந்நியர் வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். மாகாணத்தில் பெண் மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களாக இருந்தனர் என்பதுதான் சிக்கல். கோசா முறையைக் கடைப்பிடித்த முசுலிம் பெண்களுக்கும், வீட்டை விட்டு வெளிவராத உயர்சாதி இந்துப் பெண்களுக்கும் ஊர் மருத்துவச்சியை விட்டால் வேறு வழியில்லை. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ அவரால் செய்யக் கூடியது மிகக் குறைவு.

தாய் இறந்த வீட்டில் பிறந்த சிசு பிழைத்திருந்தாலும் அதன் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. பால் கொடுக்கும் மற்றொரு பெண் உறவில் கிடைத்தால் உண்டு. இல்லையேல் தண்ணீர் கலந்த பசும்பாலோ ஆட்டுப்பாலோ சங்கில் புகட்டப்படும். கொதிக்க வைக்காத நீர், கழுவாத சங்கு, அதைத் தொடரும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் பல குழந்தைகள் தாயைப் பின்தொடர்ந்தன.

மருத்துவக் கல்வி

அமெரிக்கா திரும்பிய ஐடா 1895இல் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் அணியில் இவர் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு இவரிடம் தரப்பட்டது. புறப்படும் நாள் நெருங்கியும் பணம் சேரவில்லை. ஒரு பெண்மணியிடம் இவர் தேவையை விளக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையில் இருந்து கேட்ட ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். வேலூர் மருத்துவமனையின் முதல் கட்டடத்திற்கு அப்பெண்மணியின் பெயர் வந்தது இவ்வாறே.

வேலூரில் தொடக்கம்

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பள்ளித் தோழி ஆனி ஹான்காக்குடன் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையிடம் சில ஆண்டுகள் உடனிருந்து பயிற்சி பெறலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டு மே மாதமே தந்தை காலமானார். முப்பது வயதுகூட நிறையாத, அனுபவம் இல்லாத மருத்துவராக ஐடா தனித்து நின்றார். மக்களும் உடனே நம்பி வந்துவிடவில்லை. ஆனி ஹான்காக் வீடு வீடாகச் சென்று பெண்களுடன் பழகியது நோயாளிகளின் வரவுக்கு உதவியது. மிஷன் வீட்டின் சிறு அறையில் ஒரு கட்டிலுடன் தொடங்கிய மருந்தகத்தில் இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் மருத்துவம் பெற்றனர். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தொடக்க கால அறுவை மருத்துவங்களில் ஐடாவுக்குத் துணை நின்றவர் சலோமி என்ற உள்ளூர்ப் பெண். செவிலியப் பள்ளி எதிலும் படிக்காத அவருக்குக் கருவிகளைக் கொதிக்க வைப்பதில் இருந்து எல்லாவற்றையும் ஐடாவே கற்றுக் கொடுத்தார்.

சாலையோர மருந்தகங்கள்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிச் செல்லும் முறையை ஐடா சில ஆண்டுகளிலேயே தொடங்கினார். வாரம் ஒரு நாள் வேலூரில் இருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், சுமார் 37 கிலோமீட்டர் தொலைவுக்கு, மர நிழல்களில் நின்று நோயாளிகளைப் பார்ப்பார். புண்களுக்குக் கட்டுப் போடுதல், கண் நோய்க்கு மருந்திடுதல், பல் பிடுங்குதல், கர்ப்பிணிகளைப் பார்த்தல் எல்லாம் சாலை ஓரத்திலேயே நடந்தன. முதலில் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் சென்றவருக்கு 1909இல் ஒரு பெஜோ சிற்றுந்து கிடைத்தது. குதிரையோ மாடோ இல்லாமல் ஓசையுடன் ஓடி வந்த அவ்வண்டியைக் கண்டு மக்கள் வயற்காட்டுக்குள் ஓடி ஒளிந்தனராம்.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் ஒழுங்கில் இருந்தது. இந்தக் கிழமை, இந்த மரத்தடி என்று முன்கூட்டியே தெரிந்தமையால் மக்கள் காத்திருந்தனர். ஒரு வாரம் பார்த்த நோயாளியை அடுத்த வாரம் மீண்டும் பார்க்க முடிந்தது. மழையிலும் வெயிலிலும் ஐடா இந்நாளைத் தவறவிடுவதைப் பெரும்பாலும் விரும்பவில்லை. இதே பகுதியில் உள்ள கீ. வ. குப்பத்தில் கல்லூரியின் ஊரக மருத்துவ, சமூகப் பணி மையம் பிற்காலத்தில் அமைந்தது.

வேலூருக்கு மேற்கே உள்ள பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களிலும், கிழக்கே மேல்விசாரம், இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழில் பெருகியிருந்தது. இவ்வூர்களில் முசுலிம் மக்கள் மிகுதி. கோசாப் பெண்களும் மிகுதி. வேலூரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆம்பூரில் மிசௌரி லூத்தரன் மிஷனின் பெதஸ்தா மருத்துவமனை 1920களில் உருவானது. ஆயினும் கடினமான பிரசவங்களும் அறுவை மருத்துவமும் வேலூரை நாடியே வந்தன. இன்றும் பெருமளவு அவ்வாறே.

செவிலியர் பயிற்சியும் மருத்துவப் பள்ளியும்

ஒரு மருத்துவர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்ற கணக்கு ஐடாவைத் தொடர்ந்து உறுத்தியது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த எண்ணம் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதற்கு முன்னோடியாக 1894இல் லூதியானாவில் ஈடித் பிரவுன் தொடங்கிய பள்ளி இருந்தது; தென்னிந்தியாவில் அத்தகையது இல்லை. சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் இம்முயற்சியில் நம்பிக்கை கொள்ளவில்லை. மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று கருதிய அவர், ஆறு பேர் சேர்ந்தால் நடத்தலாம் என்று இசைவளித்தார். 150க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன.

ஆகஸ்ட் 12, 1918 அன்று பள்ளி திறக்கப்பட்டது. கட்டடம் போதாது, ஆசிரியர்களும் மிகச் சிலரே. உடற்கூற்றியலை ஐடாவே கற்பித்தார். முதலாண்டுத் தேர்வில், மாகாணம் முழுவதும் ஆண் மாணவர்களுள் ஐந்தில் ஒருவரே தேறிய நிலையில், வேலூரில் இருந்து தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். இந்த 14 பேரும் 1922இல் உரிமம் பெற்ற மருத்துவர்களாக வெளிவந்தனர். இதன் பின் தொட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனையும், பாகாயத்தில் மலையடிவாரத்தில் கல்லூரி வளாகமும் எழுந்தன. அமெரிக்காவில் லூசி பீபாடி என்பவர் ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக நடத்திய நிதி திரட்டல் இதற்குப் பெரிதும் துணை புரிந்தது. தோழி கெர்ட்ரூட் டாட் தம் செல்வத்தையும் உழைப்பையும் வேலூருக்கே அளித்தார். 1928இல் காந்தி இப்பள்ளிக்கு வருகை தந்தார்.

பட்டப்படிப்பு நெருக்கடி

1930களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு உரிமப் படிப்பை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு மட்டுமே இருக்கும் என அறிவித்தது. மேலும் பல பேராசிரியர்கள், மேலும் பல படுக்கைகள், ஆய்வகங்கள் இல்லாமல் வேலூர் பள்ளி நீடிக்க இயலாது என்ற நிலை. ஐடாவுக்கு அப்போது எழுபது வயது நெருங்கியிருந்தது. 1941இல் போர்க்காலத்தில் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார்.

நிதியைவிடக் கடினமாக அமைந்தது மற்றொரு கேள்வி. பல திருச்சபைகள் சேர்ந்து நடத்தும் கல்லூரியில் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணத்தை ஆண்களின் கல்விக்குச் செலவிடுவது நம்பிக்கை மோசடி என்பது லூசி பீபாடியின் தரப்பு. இருவரும் நெடுநாள் தோழியர். ஐடாவும் தொடக்கத்தில் தயங்கினார். முடிவில் கல்லூரி மூடப்படுவதைவிட ஆண்களைச் சேர்ப்பது மேல் என்று ஏற்றார். தோழமையில் விரிசல் விழுந்தது. பீபாடியின் வாதத்தில் நியாயம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவ்வழியில் சென்றிருந்தால் இன்று வேலூரில் கல்லூரி இருந்திருக்குமா என்பது ஐயமே. 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு பெண்களுடன் தொடங்கியது. 1947இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர். 1946இல் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. நாட்டின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகளுள் இதுவும் ஒன்றாகும். நிறுவனத்தின் பொறுப்பு பின்னர் மகப்பேறு மருத்துவரான இல்டா இலாசரசு என்ற இந்தியப் பெண்மணியிடம் வந்தது.

பிளவு உதட்டுக் குழந்தைகளும் பாலூட்டலும்

ஐடா மகப்பேறு மருத்துவரும் மகளிர் நோய் அறுவை மருத்துவரும் ஆவார். முகச் சீரமைப்பு அறுவை இவரது துறை அன்று. எனினும் இவர் வலியுறுத்திய செவிலியப் பணியின் தேவையைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டாக உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுடன் பிறக்கும் குழந்தைகளைக் குறிப்பிடலாம். உலக அளவில் ஏறத்தாழ 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இக்குறைபாடு காணப்படுகிறது. கருவின் முதல் மூன்று மாதங்களில் உதடும் மேலண்ணமும் ஒன்று கூடாமையே இதன் அடிப்படை. தமிழில் கிரகணமூளி என்ற பழஞ்சொல் உண்டு. கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததால் நேர்ந்தது என்ற நம்பிக்கை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. இந்நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. ஆனால் அதன் பெயரால் பழி சுமப்பவர் தாய். குழந்தையை மறைத்து வைப்பதும், மருத்துவமனைக்குக் கொண்டு வரத் தயங்குவதும் இப்பழியின் விளைவுகளே.

அறுவை மருத்துவம் பிறந்த உடனே செய்யப்படுவதில்லை. உதட்டுப் பிளவு பொதுவாக 3 முதல் 6 மாதங்களிலும், அண்ணப் பிளவு 9 முதல் 18 மாதங்களிலும் சீரமைக்கப்படுகின்றன. 10 வாரம் வயது, சுமார் 4.5 கிலோ எடை, குருதியில் 10 கிராம் ஈமோகுளோபின் என்பது உதட்டு அறுவைக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் அளவுகோல். இந்த எடையை எட்டும்வரை குழந்தை பிழைத்து வளர வேண்டும். அங்குதான் சிக்கல். உதட்டில் மட்டும் பிளவு இருந்தால், தாயின் மார்பே இடைவெளியை அடைத்துக்கொள்வதால் பல குழந்தைகள் நேரடியாகவே பால் குடிக்கும். அண்ணத்தில் பிளவு இருந்தால் வாயும் மூக்கும் ஒன்றாகிவிடுவதால் உறிஞ்சுவதற்கான வெற்றிடம் உருவாகாது. குழந்தை ஒரு மணி நேரம் வாய் வைத்திருக்கும். குடித்தது போலத் தோன்றும். வயிற்றுக்குப் போனது சிறிதாக இருக்கும். குடிப்பதற்குச் செலவிட்ட ஆற்றல் குடித்த பாலைவிட மிகுதியாகிவிடுவதும் உண்டு.

இதற்கான வழி எளியது. சீம்பால் தொடங்கித் தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்து, குழந்தையைச் சாய்த்துப் படுக்க வைக்காமல் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடித்து, பாலாடை அல்லது கரண்டியால் சிறிது சிறிதாகக் கன்னத்தின் உட்புறமாக விட வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பின்பே அடுத்தது. இக்குழந்தைகள் காற்றை மிகுதியாக விழுங்குவதால் இடையிடையே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தல் வேண்டும். மூக்கு வழியாகப் பால் வருவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சற்று நிறுத்திவிட்டுத் தொடரலாம். ஒரு முறைப் பாலூட்டல் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாறாக, குழந்தை நீலம் பாய்ந்தாலோ, புரையேறி மூச்சுத் திணறினாலோ, கீழ்த்தாடை மிகச் சிறியதாக இருந்து மல்லாந்து கிடக்கையில் மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் எட்டாத குழந்தையும் கவனிப்புக்கு உரியது. நம் பாட்டிமார் பயன்படுத்திய சங்கும் பாலாடையும் கொதிநீரில் தூய்மை செய்யப்படுமாயின், தூய்மை செய்யக் கடினமான புட்டியைவிட இதற்கு ஏற்றவை.

இவற்றைத் தாய்க்குக் காட்டிக் கொடுக்க அறுவை மருத்துவர் தேவையில்லை. பிரசவ அறையில் இருக்கும் ஒரு செவிலியர், பிறந்த முதல் இரு நாள்களில், பொறுமையுடன் நான்கைந்து முறை செய்து காட்டினால் போதும். அவர் இல்லையேல், சிறந்த அறுவை மருத்துவர் 50 கிலோமீட்டரில் இருந்தும் பயனில்லை. ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெண்கள் மிகுதி என்பதால், தாய் வேலைக்குத் திரும்பிய பின் பாலூட்டும் பொறுப்பு பாட்டியிடமோ மூத்த பெண்ணிடமோ செல்கிறது. அவர்களுக்கும் சேர்த்தே பயிற்சி அளிக்க வேண்டியுள்ளது. 2013இல் நடுவண் அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால சுவாஸ்த்ய காரியக்ரம் என்ற சிறார் உடல்நலத் திட்டத்தில் பிறவிப் பிளவும் கண்டறிய வேண்டிய குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

இறுதிக் காலம்

1946இல் பொறுப்புகளில் இருந்து ஓய்வு பெற்ற ஐடா கொடைக்கானலில் தம் இல்லத்தில் வாழ்ந்தார். அறுபது வயதைத் தாண்டிய பின்னும் டென்னிசு ஆடியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் இவரைச் சரியாக வந்தடைந்தது என்று கூறுவர். அண்ணன் மகளான மற்றொரு ஐடா ஸ்கடரும் வேலூரில் கதிரியல் மருத்துவராகப் பணியாற்றினார். பெயர் ஒற்றுமையால் இருவரையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. 1959இல் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், 89ஆம் வயதில் ஐடா காலமானார்.

வேலூர் மருத்துவமனை இன்று 2,000க்கும் மேற்பட்ட படுக்கைகளைக் கொண்டது. 1948இல் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கான சீரமைப்பு அறுவையைத் தொடங்கியதும், 1961இல் இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை நடந்ததும் இங்குதான். மருத்துவமனையின் நூற்றாண்டை ஒட்டி ஆகஸ்ட் 12, 2000 அன்று இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. 2022இல் இராணிப்பேட்டை வளாகம் செயல்படத் தொடங்கியது.